டீச்சரின் அமெரிக்கா

"நீங்க எந்த வருஷம் ஊரை விட்டு வந்தீங்க டீச்சர்?" என்று யாராவது கேட்டால், அவர் கத்தியைப் பலகையில் வைத்துவிட்டு அமெரிக்காவில் பருத்தி விளைந்த கதையைத் தொடங்குவார். கேட்டவர் யாழ்ப்பாணத்தைப் பற்றிக் கேட்டிருப்பார், அங்கே நடந்த போரைப் பற்றிக் கேட்டிருப்பார். அவருக்குக் கிடைப்பது பருத்தி. பருத்தியிலிருந்து விதையைப் பிரிக்க ஒரு மிஷின் வந்தது, அது வந்ததும் பருத்திக்குக் கிராக்கி, கிராக்கி வந்ததும் ஆள் வேண்டும், ஆள் என்றால் அடிமை. இப்படியே போகும். கல்லாவில் நிற்கிறவர் சோற்றுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு மெல்ல நழுவிவிடுவார்.

என் கடையில் நாலு வருஷம் காய் வெட்டினார் அவர். நாலு வருஷத்தில் தன் ஊர்ப் போரைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தது. ஒரே ஒரு தடவை. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் என் கடையைச் சொல்ல வேண்டும்.

நான் படித்தவன் இல்லை. மலேசியாவில், பேராக்கில், ரப்பர் எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் ஆறு வருஷம், அதிலும் பாதி நாள் அப்பாவோடு பால் மரத்தடியில். இங்கிலீஷ் எனக்கு இங்கே வந்துதான், அதுவும் மீன் மார்க்கெட்டில் வந்தது. ஆனால் நான் குடிவந்த இந்த ஒடாஹுஹு ஊரில் வாழை இலை போட்டுச் சோறு பரிமாறிய முதல் ஆள் நான். எனக்குப் பிறகு வந்தவன் எல்லாம் என் சாம்பாரை ருசி பார்த்துவிட்டுத்தான் சாம்பார் வைத்தான். பக்கத்து எல்லர்ஸ்லி ஆபீஸ்களில் இருந்து டை கட்டின பிள்ளைகள் கார் எடுத்துக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவார்கள். எனக்குத் தெரியாத பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள். இலையை மடிக்கும்போது என்னைப் பார்த்துத் தலை ஆட்டிவிட்டுப் போவார்கள். போதும். அது எனக்குப் பட்டம்.

இப்போது முழங்கால் இரண்டும் போய்விட்டது. கடையை வேறு ஆள் எடுத்துவிட்டார். பழைய ஆட்களைத்தான் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதில் அடிக்கடி வருகிறவர் டீச்சர்.

ஒடாஹுஹுவில் ரயிலும் பஸ்ஸும் ஒன்றாக நிற்கும் புது நிலையம் கட்டுவதற்கு முன்னால் நடந்தது இது. ரயிலை விட்டு இறங்கினால் மழையில் வெகுதூரம் நடக்க வேண்டும். அப்படி நனைந்துகொண்டு வந்து நின்றார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பிளாஸ்டிக் உறைக்குள் சர்டிபிகேட்டுகள். ஊரில் பெரிய வகுப்புகளுக்குச் சரித்திரம் படிப்பித்தவராம்.

"எனக்கு இதெல்லாம் படிக்கத் தெரியாது டீச்சர். காய் வெட்டத் தெரியுமா?" என்றேன்.

ஒரு கேரட்டை எடுத்து வெட்டினார். எல்லா வில்லையும் ஒரே கனம். அன்றைக்கே வேலைக்கு எடுத்தேன். ஆள் எடுப்பதில் நான் தப்புப் பண்ணியதே இல்லை.

சமையல்கட்டுச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை வைத்திருந்தேன், ஆர்டர் எழுத. இரண்டாம் நாளே அதன் வலது மேல் மூலையில் அவர் தேதி எழுதிவிட்டார். தேதிக்குக் கீழே 'பதிவு 5, வரவு 5' என்று. வகுப்பில் எத்தனை பிள்ளைகள் பேர் இருக்கிறது, இன்றைக்கு எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்ற கணக்காம். பரோட்டா மாஸ்டர் முருகேசன், பாத்திரத்துக்கும் கிரைண்டருக்கும் இன்னும் மூன்று பேர், டீச்சர். ஆக ஐந்து. எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கடைசி நாள் வரைக்கும் எழுதினார்.

நின்றுகொண்டுதான் சாப்பிடுவார். காலையில் "பசியாறியாச்சா டீச்சர்?" என்று கேட்டால், "ஓம் அண்ணை" என்பார். பசியாறியிருக்க மாட்டார். கை துடைக்கிற துணியை நாலாக மடித்துத்தான் வைப்பார். அவர் எதிரில் யாரும் யாரையும் 'அவனெல்லாம் அப்படித்தான்' என்று பேசிவிட முடியாது. "எப்ப தொடக்கம் அப்படி?" என்று கேட்பார். "முதல் நாள் என்ன நடந்தது?" அவருக்கு எதற்கும் ஒரு முதல் நாள் வேண்டும்.

இனி பிஸ்கட் டின்னைச் சொல்ல வேண்டும்.

என் ஆபீஸ் அறை என்பது சமையல்கட்டுக்குப் பின்னால் ஒரு சின்னப் பொந்து. அதில் ஒரு சாமித்தட்டு. முருகன் படத்துக்குக் கீழே ஒரு பிஸ்கட் டின். அதற்குள் என் ஆட்களின் பாஸ்போர்ட். டீச்சருடையது மட்டும் கிடையாது. அவர் எப்போதோ இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர். மற்ற நாலு பேரும் தமிழ்நாட்டிலிருந்து என் கடைப் பெயர் போட்ட வேலை விசாவில் வந்தவர்கள். வந்து இறங்கிய அன்றைக்கே பாஸ்போர்ட்டை வாங்கி, குங்குமம் வைத்து, டின்னில் போட்டுவிடுவேன்.

இதைத் தப்பு என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. கோலாலம்பூரில் நான் வேலை பார்த்த எல்லாக் கடையிலும் ஆளுடைய பாஸ்போர்ட் தவுக்கே கையில்தான் இருக்கும். தவுக்கே என்றால் முதலாளி. அது வழக்கம். அதோடு, காகிதம் இல்லாமல் மனுஷன் படுகிற பாடு எனக்குத் தெரியும். என் அம்மா பேராக்கிலேயே பிறந்தவள், சாகும்வரை சிவப்பு அடையாள அட்டைதான். சிவப்பு அட்டை என்றால் நீ இந்த நாட்டுக்காரி இல்லை என்று அர்த்தம். அப்பாவின் காகிதங்கள் எஸ்டேட் கிராணியின் அலமாரியில் இருந்தன. கிராணி என்றால் எஸ்டேட் குமாஸ்தா. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவன் காகிதத்தைச் சாமி காலடியில் வைத்தான். நான் அதைப் பாசம் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

என் தம்பிக்கு அது பிடிக்கவில்லை.

அவனை மலேசியாவிலிருந்து கூட்டி வந்து ஆளாக்கியவன் நான். கொஞ்ச தூரத்தில், பாட்டனி டவுன்ஸில், இரண்டாவது கடை போட்டோம். அந்தக் கடைக்கு அவன் பொறுப்பு. போடுகிற முதல் வாரமே சொன்னான். "அண்ணே, நம்ம ஆளுங்க பாஸ்போர்ட்ட நான் வாங்கி வைக்க மாட்டேன். இங்க அது சட்டப்படி தப்பு." ஒரு வாரம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. கடைசியில் நான்தான் ஒரு வழி சொன்னேன். ஒடாஹுஹுவில் என் வழக்கம், பாட்டனியில் உன் வழக்கம். அவன் கடையில் நான் தலையிட மாட்டேன், என் கடையில் அவன் தலையிடக் கூடாது. ஒரே கம்பெனி, இரண்டு சட்டம். அப்பாடா என்று இருந்தது.

இதை நான் டீச்சரிடம் பெருமையாகச் சொன்னேன். படிக்காதவன் எப்படிப் பஞ்சாயத்து முடித்தான் பார்த்தீர்களா என்று காட்ட. அவர் பயற்றங்காய் வெட்டிக்கொண்டிருந்தார். அவர் அதைப் பயித்தங்காய் என்பார். கத்தியைக் குறுக்கே வைத்தார். கத்திக்கு இந்தப் பக்கம் ஒரு காய், அந்தப் பக்கம் ஒரு காய்.

"அமெரிக்காவிலயும் இப்பிடித்தான் அண்ணை."

"ஐயோ டீச்சர்."

"இஞ்ச பாருங்கோ. கத்திக்குக் கீழ இருக்கிறது அடிமை வச்சிருக்கிற மாநிலங்கள். மேல இருக்கிறது வச்சிருக்காத மாநிலங்கள். ரெண்டும் ஒரே நாடு. கீழ புதுசா ஒண்டு வந்து சேந்தா, மேலயும் ஒண்டு சேர்க்க வேணும். இல்லாட்டி ஒரு பக்கம் பெருத்துப் போகும்." இரண்டு பக்கமும் ஒவ்வொரு காயாக வைத்துக்கொண்டே போனார். "பெரிய ஆக்கள் எல்லாம் கூடி ஒரு கோடு கீறினவை. கோட்டுக்கு இஞ்சால உன்ர பாடு, அங்கால என்ர பாடு. எல்லாரும் கை குடுத்துட்டு வீட்ட போட்டினம்."

"நல்ல ஏற்பாடுதானே?"

"முப்பது வருஷம் நல்ல ஏற்பாடுதான்."

"அப்புறம்?"

"காய் ஒரு இடத்தில கிடக்கும் அண்ணை," என்றார். "மனுசன் நடப்பான்."

அதற்குள் மத்தியானக் கூட்டம் வந்துவிட்டது. அவர் கதைக்கு எப்போதும் இதுதான் கதி. முடிவு வரைக்கும் கேட்க எனக்கு நேரம் கிடைத்ததில்லை. அந்தக் காய்களை எல்லாம் ஒன்றாக வாரி வெட்டி, சட்டியில் போட்டுவிட்டார்.

அந்த வருஷம் ஆயுத பூஜையை நான் விமரிசையாகச் செய்தேன். இங்கே அது வசந்த காலத்தில் வரும், வெளியே காற்று அடிக்கும், கற்பூரம் நிற்காது. சமையல்கட்டிலேயே வைத்தேன். கிரைண்டருக்குச் சந்தனம், குங்குமம். பரோட்டாக் கல்லைத் தேய்த்துக் கழுவிப் பொட்டு. கத்திகளை வாழை இலையில் வரிசையாக. வேன் சாவி. கார்டு தேய்க்கிற மிஷினுக்குக்கூட ஒரு பூ. எல்லாவற்றுக்கும் நடுவில், டின்னைத் திறந்து, நாலு பாஸ்போர்ட்டையும் எடுத்து விசிறி மாதிரி அடுக்கி வைத்தேன். வருஷா வருஷம் செய்கிறதுதான்.

டீச்சருக்கு என் கடையில் அதுதான் முதல் ஆயுத பூஜை. கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"அண்ணை, கத்தி, கல்லு, கிரைண்டர். இதுக்குள்ள இது என்ன?"

"ஆளுங்க பாஸ்போர்ட் டீச்சர். சாமி காலடியில இருந்தா காணாம போகாது."

"ஓம்," என்றார். "கிரைண்டரும் காணாமல் போகாது. அதுக்குக் கால் இல்லை."

நான் சிரித்தேன். மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள். கற்பூரத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற முருகேசன் மட்டும் தன் பாஸ்போர்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். மேலே என் விரலால் வைத்த குங்குமம். பக்கத்தில் அவன் பரோட்டாக் கல்.

முருகேசனைப் பற்றி ஒரு வார்த்தை. திருமங்கலத்துக்காரன், முப்பத்தெட்டு வயது, இரண்டு பெண் பிள்ளைகளுக்குத் தகப்பன். மாவை வீசினால் எதிர்ச் சுவர் தெரியும், அவ்வளவு மெல்லிசு. அவனைத் தேடி எடுத்தவன் நான். வாய் திறந்து எதையும் கேட்கிறவன் இல்லை.

பூஜை முடிந்து மூன்றாம் நாள், காலை பத்து மணிக்கு, என் அறை வாசலில் வந்து நின்றான். சமையல்கட்டில் போடுகிற ரப்பர்ச் செருப்பை வெளியே கழற்றி விட்டிருந்தான். சாமித்தட்டு இருக்கிறதே, அதற்காக என்று நினைத்தேன்.

"மொதலாளி, ஒண்ணு கேக்கணும்."

"சொல்லு."

"பாஸ்போர்ட்டு வேணும்."

"ஊருக்குப் போறியா? பிள்ளைங்களுக்கு ஏதாச்சுமா?"

"இல்லீங்க மொதலாளி."

"வேற கடையில கூப்பிட்டானா?"

"அதெல்லாம் இல்லீங்க."

"பின்ன எதுக்கு?"

பொய் சொல்லத் தெரியாதவன். "கையில வச்சுக்கணும்னு தோணுச்சு," என்றான்.

"காரணத்தச் சொல்லு, தர்றேன். காரணம் இல்லாம எப்படிலா?"

தலையாட்டிவிட்டுப் போனான். பிறகு டீச்சர் வந்தார், ஈரக் கையோடு.

"தன்ர சாமானைக் கேக்கிறதுக்கு மனுசன் காரணம் சொல்ல வேணுமோ அண்ணை?"

"நீங்கதான் டீச்சர் அவன் மனசக் கெடுத்தீங்க. அமெரிக்கா அமெரிக்கான்னு."

"இருக்கலாம்," என்றார். மறுக்கவில்லை. "பொலிசுக்குச் சொல்லட்டோ எண்டு நான் கேட்டனான். வேண்டாம் எண்டு சொல்லிப் போட்டான். உங்கட கையால சோறு திண்டவனாம்."

எனக்குக் கோபம் வந்தது. சோறு போட்டதையும் சொல்கிறான், பாஸ்போர்ட்டையும் கேட்கிறான். அன்று மாலையே டின்னைச் சாமித்தட்டிலிருந்து எடுத்து மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். அதுவரைக்கும் அந்த டின்னுக்குப் பூட்டு இருந்ததில்லை.

பூட்டிய மறுநாள் காலை வெள்ளைப் பலகையைப் பார்த்தேன். பதிவு 5, வரவு 4.

நான் அப்போதுதான் கடைக்குள் நுழைகிறேன். முருகேசன் சில நாள் பதினொரு மணிக்குத்தான் வருவான். அதற்குள் எப்படி நாலு என்று எழுதினார்?

"அவன் எங்க டீச்சர்?"

"தெரியும் அண்ணை. சொல்ல மாட்டன்."

இருபத்தெட்டு வருஷம் ஆட்களை வைத்து வேலை வாங்கியவன் நான். 'தெரியாது' என்று பொய் சொன்னவர்கள் நிறைய. 'தெரியும், சொல்ல மாட்டேன்' என்று முகத்துக்கு நேரே சொன்னவர் இவர் ஒருவர்தான். அவர் காய் வெட்டுகிற பலகையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"அந்தக் கோடு கீறினாங்கள் எண்டு சொன்னனே. அதுக்குப் பிறகு என்ன நடந்தது தெரியுமோ? தெற்கில இருந்து அடிமையள் ஓடி வடக்குக்கு வந்திட்டினம். உடன தெற்குக்காரர் ஒரு சட்டம் கேட்டு வாங்கினவை. ஓடி வந்தவனைக் கண்டா வடக்குக்காரனும் பிடிச்சுக் குடுக்க வேணும். ஒளிச்சு வச்சா மறியல், சிறைதான். அதுவரைக்கும் வடக்கில கனபேருக்கு அடிமையைப் பற்றி ஒரு கவலையும் இல்லை அண்ணை. பருத்தி உடுப்புப் போட்டுக்கொண்டு பேசாம இருந்தவை. நீ பிடிச்சுத் தா எண்டு தங்கட கையைக் கேட்ட பிறகுதான் தங்கட கையைப் பாத்தவை."

"நான் என்ன அடிமையா வச்சிருக்கேன்? சம்பளம் குடுக்கல? சோறு போடல?"

"நான் உங்களைச் சொல்லேல்லை. அமெரிக்காவைச் சொல்லுறன்."

மத்தியானத்துக்குள் எனக்கே தெரிந்துவிட்டது. முருகேசன் பாட்டனியில் இருந்தான், என் தம்பி வீட்டில்.

போன் போட்டேன். "அவன அனுப்பி வை," என்றேன். "என் கடை ஆளு. விசாவுல என் கடைப் பேரு. உன் கடையில அவன் கல்லத் தொட்டா ரெண்டு பேருக்கும் ஆபத்து."

"அவன் இங்க வேலை செய்யலண்ணே. சும்மா இருக்கான். விசா மாத்துறதுக்கு எழுதிப் போடப் போறேன். பாஸ்போர்ட்டு வேணும்."

"ஒன் கடையில ஒன் வழக்கம், என் கடையில என் வழக்கம்னு பேசினோமா இல்லையா?"

"பேசினோம். அவன் நடந்து வந்துட்டானே. நான் என்னா பண்ண?"

மனுசன் நடப்பான். டீச்சர் சொன்னது அப்போது என் காதில் விழுந்தது. போனை வைத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துத் தம்பி கடைக்கே வந்தான். மத்தியானம், சாப்பாட்டு நேரம், எல்லா மேசையிலும் இலை. அறைக்குள் வந்து கதவைக்கூடச் சாத்தவில்லை.

"குடுங்கண்ணே."

"மரியாதையா போயிடு."

"குடுங்க, போயிடறேன்."

"ஒன்ன இந்த நாட்டுக்குக் கூட்டிட்டு வந்தது யாரு? ஒனக்கு ரூம் குடுத்தது யாரு? தோசை ஊத்தக் கத்துக் குடுத்தது யாரு? எனக்கே சட்டம் சொல்றியா?"

வெளியே சாப்பிடுகிற சத்தம் நின்றுவிட்டது. தம்பி இழுப்பறையைப் பார்த்தான்.

"என் பாஸ்போர்ட்டும் அந்த டின்லதான் இருந்துச்சு. நாலு வருஷம்."

"அது பத்திரத்துக்கு."

"நான் கேட்டேனா, எப்பவாச்சும்?"

"கேக்கலயே. கேட்டிருந்தா குடுத்திருப்பேன்லா."

"கேக்கப் பயம்ணே."

அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். நாலு வருஷம் என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன், என்னைப் பார்த்துப் பயந்துகொண்டு சாப்பிட்டிருக்கிறான். எனக்கு அது தெரியவே தெரியாது. அவன் மேலும் ஒன்று சொன்னான். "பாட்டனி கடைய நான் தனியா எழுதி வாங்கிக்கிறேன். பேரும் மாத்திக்கிறேன். இனிமே ஒரே கம்பெனி வேணாம்." போய்விட்டான்.

சமையல்கட்டுக்குத் தண்ணீர் குடிக்கப் போனேன். டீச்சர் முட்டைக்கோஸ் வெட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் கேட்டிருக்கும். நான் கேட்காமலே சொன்னார், என்னை நிமிர்ந்து பார்க்காமல்.

"ஒரு தேர்தல் வந்தது. தங்களுக்குப் பிடிக்காதவர் வென்றிட்டார் எண்டு தெற்கில ஒவ்வொரு மாநிலமா நாங்கள் வேற நாடு எண்டு போகத் தொடங்கிட்டினம். பிரிஞ்சு போறம் எண்டு சொல்லேக்க, ஏன் எண்டு எழுதியும் வச்சவை. எங்கட அடிமையளை எங்களிட்டை இருந்து எடுக்கப் பாக்கிறாங்கள் எண்டு. பிறகு வந்த சனம் மானம், மண், உரிமை எண்டு வேற வேற காரணம் எல்லாம் சொன்னது. அவை எழுதி வச்சது அப்பிடியே கிடக்கு."

"இங்க பிரிஞ்சு போனது நான் இல்ல டீச்சர், அவன்."

"ஓம். எங்கட கதையில திசை கொஞ்சம் மாறிப் போச்சு," என்றார்.

அறைக்குப் போய் உட்கார்ந்தேன். எதிரே வாசலில் ஒன்றும் இல்லை, ஆனால் எனக்கு அங்கே முருகேசனின் ரப்பர்ச் செருப்பு தெரிந்தது. அப்புறம் அது என் அப்பாவின் செருப்பாகத் தெரிந்தது. பக்கத்து எஸ்டேட்டில் வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்டு, தன் காகிதத்தைக் கேட்கப் போனார் அப்பா. கிராணி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். கூட நின்றவன் நான். கிராணி வீட்டு வாசலில் எந்தச் சாமியும் இல்லை. "எதுக்குக் காகிதம்? காரணத்தச் சொல்லு," என்றார் கிராணி. அப்பா தலையாட்டிவிட்டுத் திரும்பி வந்தார். கடைசி வரைக்கும் அந்த எஸ்டேட்டிலேயே பால் வெட்டிச் செத்தார்.

மறுநாள் இழுப்பறையைத் திறந்தேன். மூன்று பாஸ்போர்ட்டை அந்த மூன்று பேரையும் கூப்பிட்டுக் கையில் கொடுத்தேன். ஒருவன் பயந்துவிட்டான், வேலையை விட்டு அனுப்புகிறேன் என்று நினைத்துவிட்டான். நாலாவதை டீச்சரிடம் நீட்டினேன்.

"நீங்க குடுத்துடுங்க."

"நான் வாங்கி வைக்கேல்லையே அண்ணை," என்றார். "வாங்கினவர் குடுக்க வேணும்."

வேன் எடுத்துக்கொண்டு பாட்டனிக்குப் போனேன். தம்பி கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றான், வெளியே வரவில்லை. முருகேசன்தான் வந்தான். கார் நிறுத்துகிற இடத்தில், ஷாப்பிங் வண்டிகளுக்கு நடுவில், பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினான். என் குங்குமம் காய்ந்து அட்டையில் ஒட்டியிருந்தது. சட்டை நுனியால் அதைத் துடைத்தான். துடைத்த பிறகு முதல் பக்கத்தைத் திறந்து தன் போட்டோவைப் பார்த்தான். பேன்ட் பையில் வைத்துக்கொண்டான். நன்றி சொல்வான் என்று எதிர்பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் திரும்பி நடந்தான். எத்தனையோ பேருக்கு எவ்வளவோ கொடுத்திருக்கிறேன். நன்றி கிடைக்காதது அது ஒன்றுதான். அது கொடுத்த கணக்கில் வராது என்று எனக்கு உறைக்கவே ரொம்ப நாளாயிற்று.

அவனுக்கு விசா மாறியது. பிறகு மனைவியையும் பிள்ளைகளையும் வரவழைத்துக்கொண்டான் என்று கேள்வி. தம்பி இன்னும் என் வீட்டுப் படி ஏறவில்லை. கோயிலில் பார்த்தால் தலையாட்டுவான். அவன் பிள்ளைகள் என்னை 'அங்கிள்' என்கின்றன. யாரோ ஒரு கிழவர்.

பாட்டனியிலிருந்து நான் திரும்பி வந்தபோது மத்தியானக் கூட்டம் முடிந்திருந்தது. பலகையில் டீச்சர் ஐந்தை அழித்துவிட்டு எழுதியிருந்தார். பதிவு 4, வரவு 4. நாளைய பொரியலுக்குப் பயற்றங்காய் வெட்டிக்கொண்டிருந்தார்.

"குடுத்துட்டேன் டீச்சர்."

"நல்லம்."

"நீங்க எதுக்கு அன்னிக்கு எனக்குச் சொல்லல? நான் அவன அடிச்சுப் போட்டுடுவேனா?"

"இல்லை. நீங்கள் அடிக்க மாட்டியள்."

கத்தி நின்றது. வழக்கமாகப் பருத்தியில் தொடங்குகிறவர் அன்று வேறு எங்கேயோ தொடங்கினார்.

"ஒருக்கா ஒரு பிள்ளை எங்க எண்டு என்னட்டை வந்து கேட்டவை அண்ணை. என்ர வகுப்புப் பிள்ளை. நான் சொன்னனான்."

அவ்வளவுதான். யார் கேட்டார்கள், அந்தப் பிள்ளை என்ன ஆனது, ஒன்றும் சொல்லவில்லை. மீண்டும் வெட்டத் தொடங்கினார். காய்கள் எல்லாம் ஒரே அளவில் விழுந்துகொண்டிருந்தன. நான் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். என் கடைச் சமையல்கட்டில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"அந்த அமெரிக்கச் சண்டை," என்றேன். "கடைசியில என்ன ஆச்சு? நான் முழுசா கேட்டதே இல்ல."

"நாலு வருஷம் நடந்தது. வடக்கு வென்றது. அடிமையள் எல்லாரையும் விட்டாச்சு."

"நல்லாத்தானே முடிஞ்சிருக்கு."

"புத்தகத்தில முடிஞ்சது," என்றார். "அதுக்குப் பிறகு ரோட்டெல்லாம் சனம் அண்ணை. வித்துப் போட்ட பிள்ளையளைத் தேடி நடந்த சனம். அம்மா ஒரு இடம், பிள்ளை ஒரு இடமா வித்திருப்பாங்கள்தானே. எழுதத் தெரிஞ்ச ஆரையும் பிடிச்சுப் பேப்பரில விளம்பரம் குடுத்தவை. பிள்ளையின்ர பேர் இது, அப்ப வயசு இவ்வளவு, கடைசியாக் கண்டது இந்த ஊர்ச் சந்தையில. அந்த விளம்பரங்கள் கனகாலம் வந்துகொண்டே இருந்தது. பிள்ளை கிழவன் ஆகியிருக்கும், அப்பவும் அந்தச் சின்ன வயசைத்தான் போடுவினம்."

"கண்டு பிடிச்சாங்களா டீச்சர்?"

"கொஞ்சப் பேர்."

கூடையில் இன்னும் அரைவாசிக் காய் கிடந்தது. அவர் ஒரு கத்தியை எடுத்து, கைப்பிடி என் பக்கம் இருக்கும்படி நீட்டினார்.

"மிச்சத்தை வெட்டுங்கோ அண்ணை. கை நோகுது."